வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில்தான் சரியா?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் திருவண்ணாமலையை அடுத்த கீழ்பென்னாத்தூர் பக்கம் ஆயில் மாற்றக் கார் நிற்கும் ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "நம்ம ஊரு வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஆயில் எல்லாம் தாங்காதுண்ணா, இருபது நாப்பதே ஊத்திடலாம்." கேட்கிறவரும் தலையாட்டிவிடுவார். வெளியே 40 டிகிரி கொளுத்துகிறது, டப்பாவில் இருப்பதோ விரலில் தொட்டால் நழுவி ஓடும் ஆயில். இது எப்படி எஞ்சினைக் காக்கும் என்ற சந்தேகம் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்த நியாயத்துக்கு அடியில் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. ஊர் வெயிலை எஞ்சினின் சூடாக எடுத்துக்கொள்கிற கணக்கு அது. எந்த ஆயில் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது எஞ்சினின் அமைப்பும் வண்டியின் உழைப்பும்தான், ஊரின் வெயில் இல்லை என்பது என் வாதம். காருடன் வந்த கையேட்டில் இந்த அமைப்பைக் கட்டியவர்கள் எழுதிவைத்த பட்டியலைத் தாண்டிப் போக நம் வெயில் ஒரு காரணமாகாது. அந்தப் பட்டியலுக்கு உள்ளே தேர்ந்தெடுக்கும்போது மட்டும் நம் ஊருக்கும் நம் பயணங்களுக்கும் ஒரு குரல் உண்டு.

முதலில் சூட்டைப் பார்ப்போம். தண்ணீரால் குளிரும் எந்தக் கார் எஞ்சினிலும் தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு ஒன்று இருக்கிறது. கூலன்ட் ஏறத்தாழ 80-லிருந்து 90 டிகிரிக்குள் சூடாகும்வரை அது ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்காது. திறந்த பிறகு, வால்வும் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து அந்தச் சூட்டை 90 டிகிரியை ஒட்டியே பிடித்துவைக்கும். ஊட்டியின் தை மாதக் குளிரிலும் கீழ்பென்னாத்தூரின் கத்திரியிலும் நன்றாக இருக்கும் ஒரு கார் இந்த 90-ஐ ஒட்டியேதான் ஓடும். ஆயிலின் சூடு இதைவிடக் கொஞ்சம் ஏறி இறங்கும். சாதாரண ஓட்டத்தில் 90-லிருந்து 110 வரை, ஐந்து பேரும் சாமான்களுமாக ஜவ்வாது மலை ஏறும்போது அதற்கு மேலும் போகலாம். இங்கே சூட்டை ஏற்றுவது எஞ்சினின் உழைப்பு. வெளியே 25 டிகிரியா 40 டிகிரியா என்ற வேறுபாட்டை விழுங்கிக்கொள்வதுதான் ரேடியேட்டரின் வேலையே. வெயில் நாளில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்றால் கோளாறு ரேடியேட்டரிலோ ஃபேனிலோ கூலன்ட்டிலோ இருக்கும். அதைக் கெட்டி ஆயிலால் சரிசெய்ய முடியாது, காய்ச்சலுக்குக் கம்பளி மாற்றுவது போன்ற வேலை அது.

இப்போது டப்பாவின் மேல் எழுதியிருக்கும் எண்களுக்கு வரலாம். இந்த வரிசை அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்தது. அவர்களின் முதல் வகைப்பாடு 1911-இல் வந்தது, பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. 5டபிள்யூ-30 என்றால் டபிள்யூ-வுக்கு முன்னால் இருக்கும் 5 கடுங்குளிரில் எஞ்சின் சுற்றுமா என்பதற்கான மதிப்பெண். அந்தச் சோதனையை நடத்துவதே மைனஸ் 30 டிகிரியில். 0டபிள்யூ-வுக்கு மைனஸ் 35, 20டபிள்யூ-வுக்கு மைனஸ் 15. பின்னால் இருக்கும் 30 என்பது ஆயில் நன்றாகச் சூடேறிய நிலையில், அதாவது 100 டிகிரியில், எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருந்தால் 30, அங்கிருந்து 16.3 வரை 40, அதற்கும் மேல் 21.9 வரை 50. இதோடு 150 டிகிரியில், பேரிங்குக்குள் நசுங்குவதுபோன்ற வேகத்தில் ஆயிலைத் தேய்த்துப் பார்க்கும் இன்னொரு சோதனையும் உண்டு. 30 கிரேடு அதில் குறைந்தது 2.9 எடுக்க வேண்டும், 20 கிரேடு 2.6. ஆக, "0டபிள்யூ பனி கொட்டுகிற நாட்டுக்குத்தான், நமக்கு எதற்கு" என்பது பாதி சரி. மைனஸ் 35 டிகிரி நமக்கு ஒருநாளும் வராது. ஆனால் முன் எண் சின்னதாக இருப்பதால் சூட்டில் ஆயில் இளகிவிடும் என்று பயப்படுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. 0டபிள்யூ-40-உம் 15டபிள்யூ-40-உம் 100 டிகிரியில் ஒரே வகுப்பில்தான் நிற்கின்றன.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடலாம். நமக்கு 40 டிகிரி என்பது வெந்து போகிற வெயில். எஞ்சின் ஆயிலுக்கு அது குளிர். வழக்கமான 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் 10, 11 சென்டிஸ்டோக்ஸ் இருந்தால், 40 டிகிரியில் 60-க்கு மேல் இருக்கும். நம் ஊரின் உச்சி வெயிலில் நிறுத்திவைத்த காரைக் கிளப்பும்போதுகூட, ஆயில் தன் வேலை நிலையைவிட ஐந்தாறு மடங்கு கெட்டியாகத்தான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் 20டபிள்யூ-40 அதே 40 டிகிரியில் 120-ஐத் தாண்டும். மார்கழி விடியலில் வெளியே 20 டிகிரிக்கு இறங்கினால் இரண்டுமே இரட்டிப்புக்கு மேல் கெட்டியாகிவிடும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுச் சூட்டுக்கு வரப் பல கிலோமீட்டர் ஆகும். திருவண்ணாமலைவரை போய்வருகிறவருக்கு அது பிரச்சினை இல்லை. வீட்டிலிருந்து பேருந்து நிலையம், அங்கிருந்து பள்ளிக்கூடம், திரும்ப வீடு என்று இரண்டு கிலோமீட்டருக்குள் சுற்றும் கார், சித்திரையிலும் தன் ஆயிலை முழுச் சூட்டில் பார்ப்பதே இல்லை. அப்படிப்பட்ட காருக்குத்தான் வெயிலின் பெயரால் இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றுகிறோம்.

அப்படியானால் இத்தனை மெக்கானிக்குகள் ஏன் தவறாகச் சொல்ல வேண்டும்? அவர்கள் தவறாகச் சொல்லத் தொடங்கவில்லை. பல கிரேடு ஆயில் பரவாத காலத்தில் ஒற்றைக் கிரேடு ஆயில்தான் இருந்தது. குளிருக்கு 30, கோடைக்கு 40 என்று பருவத்துக்குப் பருவம் மாற்றுவது உலகம் முழுக்க இருந்த முறை, பழைய கையேடுகளிலேயே வெளிச் சூட்டை வைத்து அட்டவணை போட்டிருப்பார்கள். நம் சாலைகளில் ஓடிய அம்பாசடர் 1950-களின் ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவி. அந்த எஞ்சின் 20டபிள்யூ-40 போன்ற ஆயிலோடு பல்லாண்டு உழைத்தது. அதைப் பிரித்துச் சேர்த்தே தொழில் கற்ற தலைமுறை தன் கை அறிந்த உண்மையை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தது. 1983-இல் மாருதி வந்தது, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தது. எஞ்சின் மூன்று முறை ஆள் மாறிவிட்டது, அறிவுரை மட்டும் பழையபடியே நிற்கிறது. இன்றைய பிஎஸ்6 மாருதி பெட்ரோல் கார்கள் சிலவற்றுக்கு நிறுவனம் சொல்வது 0டபிள்யூ-16. எஸ்ஏஇ வரிசையில் 16 என்ற கிரேடே 2013-இல்தான் சேர்ந்தது. அம்பாசடர் காலத்தில் இப்படி ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"சரி, கெட்டியாக இருந்தால் படலம் தடிமனாகத்தானே இருக்கும், பாதுகாப்புப் பக்கம் சாய்வதில் என்ன தப்பு?" இதுதான் வலுவான எதிர்க்கேள்வி, இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பூச்சாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தார். பேரிங்கின் மேல்பக்கம் எண்ணெய் ஊற்ற ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. கார்க்கால் அடைத்தார், அதைத் தள்ளியது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளியது. சுற்றும் அச்சே எண்ணெயைத் தனக்கும் பேரிங்குக்கும் இடையில் இழுத்து, இரண்டையும் பிரித்துவைக்கும் அழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்பது அப்படித்தான் வெளிப்பட்டது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். அந்தக் கணிதத்தின் சாரம் எளிது: படலத்தின் தடிமனை எண்ணெயின் கெட்டித்தன்மை, சுழலும் வேகம், மேலே விழும் சுமை, இடையே விட்ட இடைவெளி எல்லாம் சேர்ந்து முடிவுசெய்கின்றன. மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போட்ட நம் பெரியவர்கள் செய்ததும் இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. மெதுவாகச் சுற்றுகிற, பெரும் சுமை தாங்குகிற, தாராளமாக இடைவெளி விட்ட அச்சு அது. நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும் கிராங்க்கும் அதன் பேரிங்கும் இதற்கு நேர் எதிர்க் கோடி. அங்கே இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான்.

ஆகவே கெட்டி ஆயில் படலத்தைத் தடிமனாக்கும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினுக்குள் ஆயில் பார்க்கும் வேலை படலம் பிடிப்பது ஒன்று மட்டுமல்ல. பேரிங்கிலிருந்து சூட்டை அள்ளிக்கொண்டு போவதும் அதுதான், அதற்கு ஆயில் ஓட வேண்டும். கெட்டி ஆயில் பம்ப்பில் அழுத்தத்தை ஏற்றும். ஓர் அளவுக்கு மேல் போனால் நிவாரண வால்வு திறந்து, ஆயிலில் ஒரு பங்கு வேலை செய்யாமலேயே திரும்பிவிடும். மீட்டரில் அழுத்தம் நன்றாகக் காட்டுகிறது என்று மகிழ்கிறோம், பேரிங் வழியாகப் போகும் ஆயிலோ குறைந்திருக்கலாம். கெட்டியான ஆயில் தன் உராய்வாலேயே கூடுதலாகச் சூடாகவும் செய்யும். அதைவிட முக்கியமானது, இன்றைய எஞ்சினில் ஆயில் ஒரு ஹைட்ராலிக் திரவமாகவும் வேலை செய்கிறது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு, டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாம் நுண்ணிய துளைகள் வழியாக வரும் ஆயில் அழுத்தத்தை நம்பியே இயங்குகின்றன. எந்தக் கெட்டியில் எவ்வளவு வேகமாக ஆயில் வரும் என்று கணித்துத்தான் அந்தத் துளைகளை இட்டிருக்கிறார்கள்.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த ஈகோஸ்போர்ட் 2013-இல் சந்தைக்கு வந்தபோது, அதன் ஒரு வகையில் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அதில் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். அந்த எஞ்சினுக்கென்று ஃபோர்டு தனித் தரம் ஒன்றை வகுத்து 5டபிள்யூ-20 ஆயிலைக் கேட்டது. பெல்ட்டின் ரப்பருக்கு ஒத்துவராத ஆயிலை ஊற்றினாலோ மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட் சிதைந்து, அதன் துகள்கள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். பிறகு எவ்வளவு தடிமனான படலத்தைத் தரும் ஆயிலாக இருந்தாலும் பேரிங்குக்குப் போய்ச் சேராது. இந்த எஞ்சினை வைத்திருப்பவரிடம் "வெயிலுக்கு இருபது ஐம்பது போடுங்கள்" என்று சொல்வது எத்தனை பெரிய செலவில் போய் முடியலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த மறுப்பு விவரம் தெரிந்தவர்களிடமிருந்து வருவது. "மெல்லிய ஆயிலைக் கம்பெனிக்காரன் சொல்வது எஞ்சினுக்காக இல்லை, மைலேஜ் சட்டத்துக்காக." இதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டும் ஹோண்டாவும் 2001 வாக்கில் 5டபிள்யூ-20-க்கு மாறியதற்கு அங்குள்ள எரிபொருள் சிக்கன விதிகள் ஒரு பெரிய உந்துதல். இங்கேயும் 2017-இலிருந்து நிறுவனங்களின் கார்களுக்குச் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயு என்ற வரம்பு வந்தது, 2022-க்குப் பிறகு அது 113 ஆக இறுகியது. ஆயில் ஒரு கிரேடு இறங்கினால் எரிபொருளில் ஒன்றிரண்டு விழுக்காடு மிச்சம், லட்சக்கணக்கான கார்களை விற்கும் நிறுவனத்துக்கு அது பெரிய காரியம். டொயோட்டாவின் கையேடுகள் சிலவற்றிலேயே, அதிவேகத்திலோ கடும் சுமையிலோ ஓடும் வண்டிக்குக் கூடுதல் கிரேடு பொருத்தமாக இருக்கலாம் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். ஆக, இந்த மறுப்பை நான் தள்ளவில்லை, அதன் எல்லையை மட்டும் காட்டுகிறேன். நோக்கம் சிக்கனமாக இருந்தாலும், அந்த மெல்லிய ஆயிலுக்குத் தகுந்தபடி பேரிங், பம்ப், பூச்சு எல்லாவற்றையும் மாற்றித்தான் எஞ்சினைச் செய்கிறார்கள், வாரண்டியும் அதன் மேல்தான் கொடுக்கிறார்கள். உங்கள் கையேடு 0டபிள்யூ-20-ஐயும் 5டபிள்யூ-30-ஐயும் சேர்த்தே அனுமதித்தால், வாரம் தவறாமல் முழுச் சுமையோடு திண்டிவனம் நெடுஞ்சாலையில் பறக்கும் வாடகைக் காருக்கு 5டபிள்யூ-30-ஐத் தேர்ந்தெடுப்பது அறிவான காரியம். அந்தப் பட்டியலில் இல்லாத 20டபிள்யூ-50-க்குத் தாவுவதற்கு இந்த வாதம் துணை நிற்காது.

பௌர்ணமி நெரிசலை ஒரு காரணமாகச் சொல்வார்கள். கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேரும் இரவில், திருவண்ணாமலையை நெருங்கும் சாலைகளில் ஏசி ஓட, முதல் கியரில் அங்குலம் அங்குலமாக நகரும் வண்டிக்குக் கெட்டி ஆயில் வேண்டாமா? சூடான எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆயில் அழுத்தம் குறைவாக இருக்கும் என்பது சரி. ஆனால் அந்த நேரத்தில் பேரிங்கின் மேல் விழும் சுமையும் மிகக் குறைவு. நெரிசல் கெடுப்பது வேறொன்றை. கிலோமீட்டர் ஏறாமலேயே எஞ்சின் மணிக்கணக்கில் ஓடுகிறது, ஆயில் கழிகிறது, ஓடோமீட்டருக்கு அது தெரியாது. குறுந்தூர ஓட்டத்தில் எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து தங்கிவிடுகின்றன. அதனால்தான் கையேடுகள் இவற்றையெல்லாம் கடும் பயன்பாடு என்று தனியாகப் பிரித்து, ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்கின்றன, கெட்டியான ஆயிலுக்குப் போகச் சொல்வதில்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று இருப்பதை ஊருக்குள்ளேயே சுற்றும் கார் 5,000, 6,000-இல் மாற்றிக்கொண்டால், கிரேடை ஏற்றிக் கிடைக்காத பாதுகாப்பு அங்கே கிடைக்கும்.

டீசல் கார் வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்களுக்கு இந்தக் கிரேடு பேச்சையெல்லாம்விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. நெல்லும் கரும்பும் மணிலாவும் போடுகிற இந்தப் பக்கத்தில், டிராக்டருக்கென்று வாங்கிய பெரிய ஆயில் கேன் வீட்டில் இருக்கும். காரும் டீசல்தானே, அதுவும் பதினைந்து நாற்பதுதானே என்று அதிலிருந்தே ஊற்றிவிடுவது எளிது. பழைய டீசல் கார்களுக்கு இது பெரிதாகக் கெடுதல் செய்திருக்காது. பிஎஸ்6 டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை எஞ்சின் அவ்வப்போது எரித்துத் தள்ளிவிடும். ஆனால் ஆயிலில் கலந்துள்ள கால்சியம், துத்தநாகச் சேர்மானங்கள் எரிந்து உண்டாகும் சாம்பல் எரியாது, போகவும் போகாது, வடிகட்டியின் கண்களிலேயே தங்கி மெல்ல அடைக்கும். சிஎஃப்-4, சிஐ-4 போன்ற டிராக்டர், லாரி ஆயில்களில் இந்தச் சாம்பல் அதிகம். அதனால்தான் டிபிஎஃப் உள்ள கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலை, ஐரோப்பிய ஏசிஇஏ வரிசையில் சி2, சி3 போன்ற தரங்களில், கேட்கிறார்கள். இங்கே கிரேடு எண் நம்மை ஏமாற்றிவிடும். பெட்ரோல் காருக்கான ஏபிஐ எஸ்பி தர 5டபிள்யூ-30-உம், சி3 தர 5டபிள்யூ-30-உம் டப்பாவில் ஒரே எண்ணைச் சுமந்தாலும் ஒன்றல்ல. 150 டிகிரி சோதனையில் சி3 ஆயில் குறைந்தது 3.5 எடுத்தாக வேண்டும். ஆகக் கடையில் "ஐந்து முப்பது கொடுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், கையேட்டில் உள்ள தர எழுத்துகளையும் சேர்த்துக் கேளுங்கள். டிபிஎஃப் காரில் இன்னொரு பழக்கமும் வேண்டும். கரியை எரிக்கும்போது கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதைப் பார்த்துப் பழகிய நாம், அது மேல்கோட்டைத் தாண்டி ஏறினாலும் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும்.

பழைய கார்களின் கதை வேறு. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஆயிலைக் குடித்து, காலையில் நீலப் புகை தள்ளும் வண்டிக்கு 5டபிள்யூ-30-இலிருந்து 5டபிள்யூ-40-க்கோ 10டபிள்யூ-40-க்கோ ஒரு படி ஏறுவதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தேய்ந்த பேரிங்கில் இடைவெளி கூடியிருக்கிறது, ரெனால்ட்ஸின் கணக்குப்படியே அங்கே கொஞ்சம் கெட்டி வேண்டும். பல கையேடுகளும் அந்த ஒரு படிக்கு இடம் கொடுக்கின்றன. அதற்கு முன் ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று டிப்ஸ்டிக்கை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகும் அதே அளவு குறைந்தால், போயிருப்பது ரிங்கோ வால்வு சீலோ. அதை மறைப்பதற்காக இன்னொரு படி ஏற்றினால் எஞ்சின் வேலை தள்ளிப்போகாது, செலவுதான் கூடும்.

கையேடு கேட்கும் ஆயில் நம் ஊர்க் கடையில் எப்போதும் இருக்காது என்பது உண்மைதான். பெரும்பாலான சின்ன பெட்ரோல் கார்களுக்கு மூன்று, மூன்றரை லிட்டர் போதும் என்பதால், திருவண்ணாமலை போகும்போது மூடி முத்திரை உடையாத டப்பாவாக வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, உங்கள் மெக்கானிக்கிடமே கொடுத்து மாற்றச் சொல்லலாம். காலி டப்பாவைத் துளையிட்டுப் போடச் சொல்லுங்கள், போலி ஆயில் அடைப்பவர்கள் கைக்கு அது போகக் கூடாது. செஞ்சிக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் இடையில் எங்கோ டிப்ஸ்டிக் கீழ்க்கோட்டுக்கும் கீழே காட்டி, பக்கத்துக் கடையில் 20டபிள்யூ-40 மட்டுமே இருக்கிறது என்றால் தயங்காமல் அதையே அரை லிட்டர் வாங்கி ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படியே செய்யப்படுகின்றன, கிரேடு மாறியதால் வரும் கேடு ஆயில் இல்லாமல் ஓட்டுவதால் வரும் கேட்டின் பக்கத்தில்கூட நிற்காது. ஊர் வந்து சேர்ந்ததும் கசிவு எங்கே என்று பார்த்துவிட்டு, அடுத்த சர்வீஸுக்குக் காத்திருக்காமல் சரியான ஆயிலை முழுதாக மாற்றிவிடுங்கள்.